கவர்னர் ஜெனரல் இராஜாஜி

தென்காசிக்கு எத்திசையிலிருந்து வருவோர்க்கும் முதற்கண் புலப்படுவது காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுரமே. பாண்டியர் மதுரையை இழந்து தென்கோடியில் ஒடுங்கி வாழ்ந்த காலத்தில், 1446ஆம் ஆண்டு தொடங்கி, பராக்கிரம பாண்டியன் இக்கோயிலை எடுப்பித்தான். அவன் பொறித்துவைத்த கல்வெட்டுக்களுள் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலாதது. பிற்காலத்தில் இக்கோயில் பழுதுபடின், அதனைச் செப்பனிட்டுக் காப்போர் யாவராயினும் அவர்தம் அடிகளை முன்னதாகவே வணங்குவதாக அம்மன்னன் அதிற் கூறியுள்ளான். முடிபுனைந்த வேந்தனொருவன் முகமறியாதார் காலில் விழுந்து வேண்டிய வேண்டுகோள் அது. நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் ஒன்பது நிலையோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990இல்தான்.

நம் கலாசாலையில் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்து மாணவர் பலர் பயில்கின்றனர். நாட்டுக்குத் தலைவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர்தம் மனத்தில் எழுவது கோபுரம் எழுப்பிய மன்னனின் உருவமே. ஆதலின் குடியரசுத் தலைவர் என்பார் யார், அவர்க்குரிய அதிகாரம் யாது, மந்திரிகள் கொணரும் தாளிற் கையெழுத்திடுவதன்றி அவர் செய்வது என்ன என்று அவர்கள் வினவுவது இயல்பே. இவ்வினாக்களுக்குச் சட்ட நூலைப் புரட்டி விடை கூறிவிடலாம். ஆயினும் ஒருவர் வாழ்க்கையைக் கொண்டு விடை காண்பது நன்றென நமக்குத் தோன்றுகிறது. அப்பதவிக்கு முற்பட்ட பதவியைக் கடைசியாக வகித்தவரும், அப்பதவி தம் கைக்கு அணித்தே வந்து விலகிப்போகக் கண்டவரும், குற்றாலச் சாரலின் அருமையை அறிந்தவருமான சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரே அவ்வொருவர்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்கார் அவ்வூர் முன்சீப், தாயார் சிங்காரம்மாள். ஓசூரிலும், பின்னர்ப் பெங்களூர் மத்தியக் கலாசாலையிலும், சென்னை மாகாணக் கலாசாலையிலும் பயின்று, 1900ஆம் ஆண்டிற் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். தொழிலிற் பொருளும் புகழும் விரைவில் வந்தன. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயிருந்தார். மனைவியார் அலமேலு மங்கம்மாள் இளமையிலேயே மறைய, ஐந்து குழந்தைகளும் தந்தையின் பொறுப்பாயினர். மறுமணம் என்னும் பேச்சுக்கே அவர் இடங்கொடுத்திலர்.

1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் காந்தியடிகள் சென்னைக்கு வந்து இராஜாஜியின் விருந்தினராய்த் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒருநாள் கடையடைப்பும் உண்ணாநோன்பும் நிகழ்த்தும் எண்ணம் அடிகளுக்கு உதித்தது அவ்வில்லத்திலேயாம். அதன்பின் இராஜாஜி வக்கீல் தொழிலைத் துறந்தார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறை புகுந்து மூன்று திங்கள் இருந்தார். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பில் வியத்தற்குரிய செய்தியொன்று உள்ளது. சுயராச்சியம் வந்தவுடன் இன்பம் வந்துவிடாது, தேர்தலும் அதன் ஊழல்களும் அநீதியும் செல்வர் ஆதிக்கமும் ஆட்சித் திறமையின்மையும் மக்களை வாட்டும், கல்வியொன்றே கதி என்பது அதன் கருத்து. விடுதலைக்காகச் சிறைபுக்கவரே விடுதலைக்கு இருபத்தைந்து ஆண்டு முன்னதாக இங்ஙனம் எழுதினார் என்றால், அவரது இயல்பை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை. ஆர்வத்தினும் ஐயமே மிக்க அறிவு அவருடையது. அவர்க்கு நண்பரைத் தேடித் தந்ததும், பகைவரைப் பெருக்கியதும் அவ்வறிவே.

1925இல் திருச்செங்கோட்டையடுத்துக் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதரும் மதுவிலக்கும் பரப்பினார். மதுவிலக்குக்காக அவர் நடத்திய விமோசனம் என்னும் பத்திரிகையிற் கல்கி கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியராயிருந்தார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர் படையோடு புறப்பட்டு, வேதாரணியக் கடற்கரையில் உப்பெடுத்துச் சிறைப்பட்டார். இவையாவும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை, விரித்தல் வேண்டா.

1937ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் அவர் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிற் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்வருமானம் போனமையால் ஏற்பட்ட குறையை நிரப்ப, 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். நாம் இன்று கடைதோறும் செலுத்தும் வரிக்கு இந்நாட்டில் அதுவே முன்னோடி. அவ்வாண்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தபொழுது, உடன்சென்றோர்க்கும் கோயில் அதிகாரிகளுக்கும் தீங்கு நேராவண்ணம் சட்டமியற்றிக் காத்தவரும் அவரே. ஆனால் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியதும் அவரே. எதிர்த்தோர் நூற்றுக்கணக்கிற் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர் இருவர் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். அறிவிற் சிறந்தோர், மக்கள் உள்ளம் யாதென்று கேளாமலே அவர்க்கு நன்மை செய்யத் துணிவதுண்டு. இராஜாஜியின் வாழ்வில் இக்குறை இருமுறை பெரிதாய் வெளிப்பட்டது. முதன்முறை இது; இரண்டாவதைப் பின்னர்க் கூறுவோம்.

இனிக் குற்றாலத்துக்கு வருவோம். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை இப்பக்கத்தார்க்கு அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் நண்பர் கூடித் தமிழ்க் கவியை நுகர்ந்த கூட்டம் வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்திற் குற்றாலத்தையே அவர் தம் உறைவிடமாக்கிக்கொண்டார். ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் கவிந்து சாரல் விழத் தொடங்கினால், அவர் வீட்டுக்கு விருந்தினர் வருகையும் தொடங்கும். காலையில் அருவியாடல், பின்னர் உணவு, பின்னர்க் கம்பன், மீண்டும் அருவி, மீண்டும் கம்பன் என்று பொழுது கழியும். கல்கி வருவார், நீதிபதி மகராஜன் வருவார், இராஜாஜியும் வருவார்.

இவ்விருவர் நட்பு நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது. ஒருவர் சுவையே வாழ்வெனக் கொண்டவர். மற்றவர் சுவையையும் அளந்து உண்பவர். ஒருவர் பாட்டின் ஓசையிலே தம்மை மறப்பவர். மற்றவர் அப்பாட்டின் பொருள் நாட்டுக்கு என்ன பயன் தரும் என்று நினைப்பவர். கம்பராமாயணத்திற் பல பாடல் கம்பனுடையனவல்ல, பிறர் செருகியவை என்று ஒதுக்கித் தள்ளும் துணிவு டி. கே. சி.க்கு இருந்தது. புலவர் சினந்தனர், இராஜாஜியோ நண்பர் தமிழை ஆர்வத்தோடு கேட்டார். அரசியலிற் பிறர் சொல்லை எளிதில் ஏலாத அவர், கவிதையில் டி. கே. சி.யைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். பிற்காலத்தில் அவர் சக்கரவர்த்தித் திருமகன் என்னும் பெயரில் இராமாயணத்தை உரைநடையில் எழுதியபொழுது, வான்மீகியைத் தழுவியும் இடையிடையே கம்பனை நாடியுமே சென்றார். குற்றாலத்துப் பேச்சு அந்நூலின் பின்னே நிற்கிறது என்பது நம் கருத்து. அந்நூலுக்கு 1958ஆம் ஆண்டிற் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது.

குற்றாலத்தில் இருந்த இராஜாஜி வேறு, டில்லியில் இருந்த இராஜாஜி வேறு என்று சிலர் எண்ணுவர். நாம் அங்ஙனம் எண்ணுவதற்கில்லை. நாட்டின் தலைமைப் பதவியில் அமர்வோர்க்கு ஆணையிடும் வன்மையினும் கேட்கும் பொறுமையே மிகுதியும் வேண்டும். அப்பொறுமை ஆச்சாரியாருக்கு அரசியல் மேடையில் வாய்க்கவில்லை. நண்பர் வீட்டில் வாய்த்தது. டில்லியில் அது அவர்க்குக் கைகொடுத்தது என்பதை இனி வரும் செய்திகளிற் காண்க.

1942ஆம் ஆண்டு, வெள்ளையனே வெளியேறு என்னும் போராட்டத்தை இராஜாஜி ஏற்கவில்லை. முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு காணாமல் விடுதலை வாராது என்று வற்புறுத்திக் காங்கிரசை விட்டு வெளியேறினார். நாடெல்லாம் சிறை புகுந்த காலத்தில் அவர் மட்டும் வெளியே நின்றார். 1944இல் பிரிவினையை ஒருவகையாய் ஒப்புக்கொள்ளும் திட்டமொன்றையும் வகுத்தார். மூன்றாண்டு கழித்து நிகழ்ந்ததை நோக்குவோர், அவர் கணிப்புப் பிழையன்று என்பர். ஆனால் அஹமத்நகர்க் கோட்டையிலும் பிற சிறைகளிலும் மூன்றாண்டு கிடந்தோர்க்கு அக்கணிப்பு இனிக்குமா? அவர் வெளியே நின்றமையை அவர்கள் மறந்தாரல்லர். அந்நினைவு 1949இல் மீண்டும் தலைதூக்கியது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அவர் மேற்கு வங்காளத்தின் கவர்னரானார். சுபாஷ் சந்திர போசை முன்னர் அவர் எதிர்த்திருந்தமையால், போசின் தமையனார் சரத் சந்திர போசும் அவர் சார்பினரும் இந்நியமனத்தைக் கண்டித்தனர். அடுத்த திங்களிற் கல்கத்தாவிற் கலகம் மூண்டபோது காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். குண்டர்களை எதிர்த்து நோன்பிருத்தல் தகுமோ என்று இராஜாஜி அவரோடு வாதிட்டுத் தோற்றார். நோன்பு வென்றது; நகரம் அடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மௌண்ட்பேட்டன் பிரபு எலிசபெத் இளவரசியின் திருமணத்திற்காக லண்டன் சென்றிருந்த இரு வாரம் இராஜாஜியே அவருக்குப் பதிலாக இருந்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அப்பதவியை முழுமையாக ஏற்றார். வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கி வந்த வரிசையில் இந்தியர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை; அதுவே முடிவும்.

இங்கே சிறிது நின்று அப்பதவியின் தன்மையை நோக்குவோம். வைசிராய் காலத்தில் அவர் நினைத்தபடி செய்யும் அதிகாரம் பல உண்டு. 1947ஆம் ஆண்டு விடுதலைச் சட்டத்தோடு அவையெல்லாம் நீங்கின. கவர்னர் ஜெனரல் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நடத்தல் வேண்டும் என்றாயிற்று. ஆனால் பெயரளவில் அவர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பிரதிநிதி. மசோதாக்களுக்கு மன்னர் பெயராலே இசைவு தருபவர். மன்னர் ஆட்சியாற் சிறையிடப்பட்ட சேலத்து வக்கீல், அம்மன்னர் பெயராற் கையெழுத்திட்டார். காலத்தின் கோலம் என்று நம் பாட்டிமார் கூறுவது இதனையே போலும்.

அவர் குடியேறிய மாளிகையில் 340 அறைகள். வைசிராய்கள் வாழ்ந்த பகுதியின் ஆடம்பரம் அவர்க்குப் பிடிக்கவில்லை. அதனை அயல்நாட்டு விருந்தினர்க்கென ஒதுக்கிவிட்டுச் சிறிய அறைகள் சிலவற்றைத் தமக்கு வைத்துக்கொண்டார். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிக்கிருந்தமையால், மாளிகை நிலத்தில் ஒரு பகுதியை உழுவித்துத் தானியம் விளைவித்தார். துணியைத் தாமே துவைத்துக்கொண்டார் என்றும், காலணியைத் தாமே துடைத்துக்கொண்டார் என்றும் கூறுவர். ஆசிரமத்திற் பழகியவர்க்கு இவை அரியனவல்ல. மாளிகைக்கு வந்தபின்னும் அப்பழக்கத்தை விடாமையே அரிது.

எனினும் எளிமை மட்டும் ஒருவரை அப்பதவிக்குத் தகுதியாக்காது. பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேருவும் துணைப் பிரதமர் வல்லபபாய் படேலும் பல பொருளிற் கருத்து மாறுபட்டவர். இருவர்க்கும் நண்பராய், இருவராலும் மதிக்கப்பெற்றவராய் நடுவே இருந்தவர் இராஜாஜி. 1948ஆம் ஆண்டு ஐதராபாத்துச் சிக்கல் முற்றியபொழுது, காலந்தாழ்த்தல் கூடாதென்றார் படேல். படைசெலுத்தினால் என்னாகுமோ என்று தயங்கினார் நேரு. இருவரையும் ஒருமிக்கச் செய்ததில் இராஜாஜிக்குப் பங்குண்டு. செப்டம்பர் 13ஆம் நாள் புகுந்த படை 17ஆம் நாளில் வேலையை முடித்தது. ஆணை பிறப்பித்தது மந்திரிசபை. கவர்னர் ஜெனரல் செய்தது பேச்சு மட்டுமே. மூடிய கதவுக்குள் நிகழும் இத்தகைய பேச்சே தலைமைப் பதவியின் பெரும் பணி என்பதை மாணவர் கருத்திற்கொள்ளல் வேண்டும். அது பத்திரிகையில் வாராது. பரீட்சை வினாத்தாளிலும் வாராது.

இனிக் கூறப்போவது கடுமையானது. காந்தியடிகளைச் சுட்டுக்கொன்ற நாதுராம் கோட்சேக்கும், உடனிருந்த நாராயண் ஆப்தேக்கும் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீடும் தோற்றது. கருணை மனு கவர்னர் ஜெனரலிடம் வந்தது. அடிகளின் புதல்வர் மணிலாலும் இராமதாசும் உயிர்ப்பிச்சை அளிக்குமாறு வேண்டினர்; கொலைக்குக் கொலை தம் தந்தையார் வழியன்று என்பது அவர் வாதம். மனுவைப் பெற்றவரோ அடிகளுக்கு முப்பதாண்டு நண்பர். அடிகளின் மற்றொரு புதல்வர் தேவதாசுக்குத் தம் மகள் இலட்சுமியைக் கொடுத்த சம்பந்தி. ஒருபால் இறந்தவரின் கொள்கை. ஒருபால் நாட்டின் சட்டம். நடுவே தம் சொந்தத் துயரம். நேருவும் படேலும் தண்டனையைக் குறைக்க இசையவில்லை. இராஜாஜி மனுவைத் தள்ளினார். 1949ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அம்பாலாச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

இது சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். அடிகள் உயிரோடிருந்தால் மன்னித்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் மன்னிக்கும் உரிமை சுடப்பட்டவர்க்கு உண்டு. அவர் சார்பில் ஒரு சம்பந்தி அதனைக் கையாளுதல் எங்ஙனம் பொருந்தும்? பதவியிலிருப்பவர் தம் உறவையும் நட்பையும் வாயிலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்லவேண்டியவர். மந்திரிசபையின் ஆலோசனைக்கு மாறாய்த் தம் மனம்போல் மன்னித்திருப்பின், புதிதாய்ப் பிறந்த அரசின் முதல் வழக்கமே தவறாய் அமைந்திருக்கும். இராஜாஜி வேறு செய்வதற்கில்லை என்பதே நம் தீர்ப்பு. அக்கையெழுத்தை நினைக்குந்தோறும் நமக்கு மனம் கனக்கிறது என்பதையும் கூறிவிடுகிறோம்.

அக்காலத்திலேயே அரசியல் நிர்ணய சபையில் வேலை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. கவர்னர் ஜெனரல் போய் ராஷ்டிரபதி வருவார், அவரைப் பார்லிமெண்டு உறுப்பினரும் மாகாணச் சட்டசபை உறுப்பினரும் தேர்ந்தெடுப்பர், பதவிக்காலம் ஐந்தாண்டு, அரசியலமைப்பைப் பேணிக் காப்பதாக அவர் உறுதி கூறவேண்டும், மந்திரிசபை அவர்க்கு உதவியும் ஆலோசனையும் நல்கும் என்று விதிகள் அமைந்தன. முதல் ராஷ்டிரபதி யார்? நேருவின் மனம் இராஜாஜிபால் இருந்தது. வேலையைப் பழகியவர் அவரே. அயல்நாட்டார் மதிக்க நடந்தவர். இருக்கும் இடத்திலேயே பெயர் மட்டும் மாறினாற் போதும். 1949 செப்டம்பரில் நேரு, நிர்ணய சபைத் தலைவரான இராஜேந்திர பிரசாத்துக்கு இக்கருத்தை எழுதித் தெரிவித்தார். பிரசாத்துக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

அக்டோபர் மாதத் தொடக்கத்திற் கூடிய கட்சிக் கூட்டத்தில் நேரு தம் எண்ணத்தை வெளியிட்டபொழுது எதிர்ப்பு வலுத்து எழுந்தது. 1942இல் நாங்கள் சிறையிலிருந்தோம், அவர் எங்கிருந்தார் என்பதே வினா. திறமையைப் பற்றி எவரும் ஐயுறவில்லை. நேரு பின்வாங்க நேர்ந்தது. இராஜாஜியும் தம் பெயரை விலக்கிக்கொண்டார். 1950ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் பிரசாத் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

தமிழர் பலர்க்கு இது குறையாகவே இருந்தது. வடநாட்டார் தென்னாட்டாரை ஒதுக்கினர் என்றும், இந்தி வல்லார்க்கே பதவி என்றும் பேசினர். நாம் அங்ஙனம் கருதவில்லை. தலைமைப் பதவி பரிசன்று. தேர்வில் முதல் மதிப்பெண் பெற்றவர்க்கு அளிக்கும் பதக்கமுமன்று. அதிகாரம் இல்லாத பதவிக்கு நம்பிக்கையே மூலதனம். தேர்ந்தெடுப்போரிற் பெரும்பாலார் மனத்தில் வடு இருக்குமாயின், அவ்வடு நியாயமோ அன்றோ, அப்பதவியிற் பயனுற வேலை செய்தல் அரிது. பிரசாத்தும் எளியவரல்லர், சம்பாரணிலிருந்து அடிகளோடு நடந்தவர், நிர்ணய சபையை மூன்றாண்டு பொறுமையாக நடத்தியவர்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலை, மாளிகையின் தர்பார் மண்டபத்திற் பெரியோர் கூடியிருந்தனர். மணி 10 அடித்து 18 நிமிடம் ஆனபொழுது, கவர்னர் ஜெனரல் இராஜாஜி எழுந்து இந்தியா குடியரசாயிற்று என்னும் பிரகடனத்தைப் படித்தார். படித்து முடித்த கணத்தில் அவர் வகித்த பதவியே உலகில் இல்லையாயிற்று. ஆறு நிமிடம் கழித்துப் பிரதம நீதிபதி ஹரிலால் கானியா பிரமாணம் செய்விக்க, இராஜேந்திர பிரசாத் குடியரசின் முதல் தலைவரானார். தம் பதவியைத் தாமே முடித்து வைத்து, தமக்கு வாராத பதவியைப் பிறர்க்கு ஒப்படைத்தவர் முகத்தில் மாறுபாடு கண்டதாக எவரும் எழுதிவைக்கவில்லை. பின்னர் அவர் சென்னைக்குத் திரும்பினார்.

அப்பதவி பின்னாளில் எங்ஙனமாயிற்று என்பதையும் சுருங்கக் கூறுவோம். மந்திரிசபையின் ஆலோசனைக்குத் தலைவர் கட்டுப்பட்டவரா என்று பிரசாத்தே ஐயுற்றார். இந்துச் சட்டத் திருத்தம் பற்றி 1951இல் எழுந்த தகராறில், அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் முதலிய சட்ட வல்லுநர் கட்டுப்பட்டவரே என்று கருத்துரைத்தனர். 1960இலும் பிரசாத் அவ்வினாவைப் பொதுமேடையில் எழுப்பினார். 1974இல் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் கூடி, கட்டுப்பட்டவரே என்றது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அதனை எழுத்திலேயே வைத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், ஆலோசனையை மறுபடி ஆராயுமாறு ஒருமுறை திருப்பியனுப்பும் உரிமையை அளித்தது. மசோதாவைத் திருப்பியனுப்பும் உரிமையோ முன்னரே உண்டு. 2006இல் அப்துல் கலாம் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவைத் திருப்பியனுப்பியதும், பார்லிமெண்டு அதனை மீண்டும் நிறைவேற்ற அவர் கையெழுத்திட்டதும் பலர்க்கு நினைவிருக்கும். இங்கே ஒரு சிறு பெருமையையும் சொல்லிக்கொள்ள அனுமதிக்க. தமிழ்நாட்டிற் பிறந்து குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும், வெங்கட்ராமன் சென்னை லயோலாவிலும், அப்துல் கலாம் திருச்சி அர்ச்சூசையப்பர் கலாசாலையிலும் பயின்றவர்கள். மூவரும் மிஷன் கலாசாலை மாணவர்.

இராஜாஜியின் ஓய்வு நீடிக்கவில்லை. 1950 ஜூலையில் நேரு அவரை மந்திரிசபைக்கு அழைத்தார். நாட்டின் தலைவராயிருந்தவர் இலாகா இல்லாத மந்திரியாய்க் கீழ்ப்படியில் அமர ஒப்பினார். படேல் மறைந்தபின் உள்நாட்டு மந்திரியானார். பின்னர் 1952ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களிற் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. எதிர்க்கட்சியினர் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சி கோரினர். கவர்னர் ஸ்ரீ பிரகாசா, தேர்தலில் நில்லாத இராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து மந்திரிசபை அமைக்க அழைத்தார். கம்யூனிஸ்டுத் தலைவர் இராமமூர்த்தி நீதிமன்றம் சென்றும் பயனில்லை. மந்திரிசபையின் ஆலோசனை வழியே நடத்தல் வேண்டும் என்னும் நெறியை டில்லியில் காத்தவரே, ஒரு கவர்னர் தம் விருப்பத்தாற் செய்த செயலின் பயனைச் சென்னையிற் பெற்றார். சட்டத்துக்கு மாறன்று என்று நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் இவ்விடத்தில் அவர் மறுத்திருந்தால் நமக்கு அவர்பால் மதிப்பு மிகுந்திருக்கும்.

அவ்வாட்சியில் உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டை நீக்கி மக்கள் வாழ்த்தைப் பெற்றார். நாம் முன்னர்க் குறித்த இரண்டாவது குறை 1953இல் வந்தது. தொடக்கப்பள்ளியில் அரைநாட் பாடம், மற்ற அரைநாளிற் பெற்றோர் தொழிலைப் பயிலல் என்னும் திட்டத்தை அவர் கொணர்ந்தார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு நாடு கொதித்தது. செக்கு ஆட்டுவோன் மகன் செக்கையும், துணி வெளுப்போன் மகன் துறையையும் நோக்கித் திரும்புவதா என்று கேட்டோர்க்கு விடை கூறல் எளிதன்று. சிறை நாட்குறிப்பிற் கல்வியொன்றே கதி என்று எழுதியவரின் திட்டம் இது என்பது வருந்தத்தக்கது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலக, காமராசர் முதன்மந்திரியானார், திட்டமும் ஒழிந்தது.

அவ்வாண்டு அவர்க்குப் பலவகையிலும் துயராண்டு. பிப்ரவரியில் டி. கே. சி. குற்றாலத்தில் மறைந்தார், டிசம்பரிற் கல்கி மறைந்தார். பாரத ரத்தினம் என்னும் விருதை இராதாகிருஷ்ணன், சி. வி. இராமன் ஆகியோரோடு முதன்முதற் பெற்றதும் அவ்வாண்டிலேயே. 1959இல் எண்பது கடந்தபின் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் சர்க்கார் அனுமதிச் சீட்டு வேண்டும் முறையைச் சாடினார். 1962இல் அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வேண்டினார். 1967இல், இந்தியால் தமக்குப் பகைவரானோர் வழிவந்த திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கூடிக் காங்கிரசை வீழ்த்தினார்.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், 94 வயது நிறைந்த இராஜாஜி சென்னையிற் காலமானார். அரசியலில் ஆண்டுக்கணக்கில் அவரை எதிர்த்துப் போரிட்ட பெரியார் ஈ. வெ. இராமசாமி சக்கர நாற்காலியில் வந்து, நண்பர் உடல் எரிவதைக் கண்டு குழந்தைபோல் அழுதார். டில்லி மாளிகையில் இராஜாஜி தமக்கென ஒதுக்கிக்கொண்ட பகுதியே பின்வந்த குடியரசுத் தலைவர்களுக்கும் உறைவிடமாயிற்று. வைசிராய்களின் அறைகள் அவர் ஏற்படுத்தியபடியே விருந்தினர்க்கு உரியனவாய் இருந்துவருகின்றன.